பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்ற சம்பந்திக்கு

பாறசாலை,
10-8-1995

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி திரு. சதாசிவன் அண்ணன் அவர்களுக்கும், பொறுமையே உருவான சம்பந்தி அம்மாள் அவர்களுக்கும், பாறசாலை பொன்னப்பன் இரண்டு கைகளையும் கூப்பியபடி எழுதிக்கொள்வது. (ஒரு கையில் பேனா இருக்கிறது. மனசால் இரண்டும் கூப்பியே இருக்கின்றன.)

இவ்விடம் நானும் பிரேமகுமாரியும் சுகம் என்று எழுதிவிட்டு, காட்டாக்கடையில் தாங்களும் மாப்பிள்ளை அனூஜும் எங்கள் மகள் ஸ்மிதாவும் சுகம்தானா என்று கேட்பதுதான் முறை. தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கொடுத்த கார்டுகளில் எல்லாம் இந்த வரி தானாகக் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு தங்கள் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகையால் அந்த வரியை எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, கர்க்கடக மாதத்து அடைமழையில் நனைந்து, நெய்யாற்றின்கரையில் இறங்கி பஸ் மாறி, ஒரு கையில் குடையும் மறு கையில் பிரெட்டும் ஹார்லிக்ஸுமாகத் தாங்களும் சம்பந்தி அம்மாளும் என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தங்களுக்குக் கிடைத்தது சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டிய கேட். உட்கார நாற்காலி இல்லை, குடிக்க ஒரு டம்ளர் வெள்ளம் இல்லை. அது போதாதென்று சம்பந்தி அம்மாளைப் பார்த்து நான் கத்திய வார்த்தையைத் திருப்பி எழுத என் பேனாவுக்குத் துணிவு இல்லை. ஆனாலும் எழுதத்தான் போகிறேன், அதன் இடம் வரும்போது. ஏன் அப்படிச் செய்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் தங்களுக்குப் புரியும். புரிந்த பிறகு மன்னிப்பதும் மன்னிக்காததும் தங்கள் இஷ்டம்.

ஆனி மாதம் நாங்கள் காட்டாக்கடைக்கு வந்திருந்தபோது, தங்கள் வீட்டு அல்சேஷன் நாய் போட்ட குட்டிகளைப் பார்த்து, "நல்ல லட்சணமான குட்டிகள்" என்று நான் மரியாதைக்காக ஒரு வார்த்தை சொன்னேன். தாங்களும் மரியாதைக்காக, "ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றீர்கள். வேண்டாம் என்று சொன்னால் தங்களுக்கு மனவருத்தம் ஆகுமே என்று நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமே கிடையாது; தபால்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு தாங்கள் அறியாததல்ல. ஆனால் பஸ்ஸில் வரும்போதே ஒன்று என் சட்டைக்குள் தலையை விட்டுத் தூங்கிப்போனது. அதோடு என் கதை முடிந்தது. ஆணுக்குக் கைசர் என்றும் பெண்ணுக்கு ஜூலி என்றும் பேர் வைத்தோம். சம்பந்தி வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் அவற்றை "எலே" என்று கூப்பிட நாக்கு வரவில்லை. "கைசரே, இங்க வாங்க" என்றுதான் கூப்பிட்டேன். பிரேமகுமாரி, "என்னை ஒரு நாளாவது வாங்கன்னு கூப்பிட்டிட்டுண்டா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

குட்டிகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று தாங்கள் சொல்லியனுப்பியிருந்தீர்கள். போட வேண்டும் என்றுதான் இருந்தேன். போடலாம் என்று வைத்திருந்த நாளில் பக்கத்து ஊரில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டேன். போய் விசாரிக்காவிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று அங்கே போய்விட்டேன். இந்த இடத்தில் என் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேடும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் ஊரில் ஒருவருக்குத் தீனம் என்றால் விசாரிக்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. பிரெட், பிஸ்கட், பழம், வசதிப்பட்டால் ஹார்லிக்ஸ். தங்கள் பக்கத்திலும் அப்படித்தான். ஆனால் என்னைப்போல் போனவன் இந்தப் பிரதேசத்தில் இருக்க மாட்டான். தபால் பையோடு நடந்த காலத்திலேயே எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கால் உளுக்கு என்று எனக்குத்தான் முதலில் தெரியும். பக்கத்து வீட்டு ராஜையாவின் பசுவுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒரு சீப்புப் பாளயங்கோடன் பழத்தோடு போய்த் தொழுவத்தில் நின்று விசாரித்தவன் நான். அதிலே வேறொரு கோளாறும் இருந்தது. கொண்டுவந்த பிரெட்டைச் சில வீட்டுக்காரர்கள் பிரிக்காமல் வைத்திருந்து, அடுத்த தீனக்காரன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் ஊர் லீலாபாய் வீட்டுக்கு நான் கொடுத்த பிஸ்கட் பொதியை, என் பேனா மசி பட்ட அதே பொதியை, மூன்றாவது ஒரு வீட்டில் பார்த்தேன். அன்றைக்கே நான் நாலு பேரிடம் பேசி ஒரு முறையை உண்டாக்கினேன். கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே பொதியைப் பிரிக்க வேண்டும், தீனக்காரன் வாயில் ஒரு துணுக்காவது வைக்க வேண்டும், அதுதான் மரியாதை. ஊரே அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் பெருமைகூட உண்டு. உண்டு என்பதை இருந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டிலோ யாருக்கும் தீனமே வருவதில்லை. பிரேமகுமாரிக்குத் தலைவலி வந்துகூட நான் பார்த்ததில்லை. நான் இத்தனை வீடு ஏறி இறங்கியதற்குத் திருப்பிச் செய்ய வழியில்லாமல் ஊரார் காத்துக்கிடந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சென்ற வாரம் திங்கட்கிழமை காலையில் கைசர் வாந்தி எடுத்தது. பிறகு வயிற்றால் போனது. பிறகு இரண்டும் சேர்ந்து. என்னிடம் இருக்கும் ஒரே நல்ல புத்தி, உடனே அதைத் தோர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பாறசாலையில் அறை எடுத்து மிருக வைத்தியம் பார்க்கும் மோகனன் டாக்டரிடம் ஓடியது. அவர் கைசரின் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், ஈறைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். பிறகு என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"பொன்னப்பண்ணே, நல்லா கேட்டுக்கணும். நாளைக் காலத்த வரைக்கும் தீனி ஒண்ணும் குடுக்காண்டாம். பாலு கூடவே கூடாது. திளப்பிச்சு ஆறின வெள்ளத்தில இச்சிரி உப்பும் சீனியும் கலக்கி ஒரு ஸ்பூன் குடுங்க, அது நின்னா கொஞ்சம் கழிச்சு இன்னொரு ஸ்பூன். நாளைக்கி கஞ்சித் தெளிவு, அதும் இச்சிரி. வலிய நாயின்னா ஒரு நாள் தாங்கும், குட்டி தாங்காது. ஒடம்புல உள்ள வெள்ளம் வத்திப்போச்சின்னா பின்ன ஒண்ணும் செய்ய ஒக்காது. பின்னயும் கக்கிச் சர்த்திச்சாலோ, ரத்தம் போனாலோ, தலையத் தூக்காம கெடந்தாலோ ஒடனே இங்க எடுத்துக்கிட்டு வரணும். பாக்கலாம் பாக்கலாம்னு இருக்கப்பிடாது. கேட்டீரா?"

கேட்டேன் அண்ணே. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். கேட்டுக்கொண்டு வெளியே வந்து, டீக்கடையில் யாரோ "தோர்த்துக்குள்ள என்ன?" என்று விசாரித்ததற்கு, நின்று நிதானமாக எல்லா விவரமும் சொன்னேன். சுருக்கமாகப் பதில் சொல்வது எனக்கு மரியாதைக் குறைவாகப் படும்.

சாயங்காலம் முதலில் வந்தது ராஜையா. எங்கள் பலாமரக் கிளை அவர் ஓட்டின்மேல் சாய்ந்த தகராறில் வருஷக்கணக்காக என் வாசலை மிதிக்காத மனிதர், ஒரு பிரெட் பொதியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். "ஓய் பொன்னப்பா, குட்டிக்குத் தீனமாமே. என் பசுவுக்கு வந்து கேட்ட மனுசனாக்கும் நீரு. நான் வராம இருப்பனா?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே பொதியைப் பிரித்தார், அவரே ஒரு துண்டைப் பாலில் நனைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து பிரேமகுமாரி, "குடுக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லியா, சொல்லுங்க" என்று முனகினாள். நான் கண்ணாலேயே அவளை அடக்கினேன். வருஷக்கணக்கான பகை தீர்கிற நேரத்தில் ஒரு துண்டு பிரெட்டுக்காக மனிதரை நோகடிக்கலாமா என்று நினைத்தேன். கைசருக்கும் என் குணம் தொற்றிவிட்டதோ என்னவோ, அத்தனை தளர்ச்சியிலும் வாலை ஆட்டிக்கொண்டு அதை நக்கித் தின்றது. ராஜையா மனம் நிறைந்து போனார். அவர் கேட்டைத் தாண்டுமுன் கைசர் எல்லாவற்றையும் கக்கிவிட்டது.

அதற்குப் பின் லீலாபாய் வந்தாள், பிஸ்கட்டோடு. இந்த முறை பொதியில் யார் மசியும் இல்லை என்று காட்டிவிட்டே பிரித்தாள். மறுநாள் காலையில், உப்பும் சீனியும் கலந்த வெள்ளம் கொஞ்சம் வயிற்றில் நின்று, கைசர் எழுந்து இரண்டடி நடந்தது. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே பொழியூரிலிருந்து மீன்காரர் ஜோக்கிம் சைக்கிள் மணியடித்துக்கொண்டு வந்தார். தூக்குவாளியில் சாளை மீன் அவித்த சாறு. "எரிவு போடாம வீட்டுக்காரி ப்ளோரன்ஸ் தனியா வச்சுத் தந்தாளாக்கும். இது குடிச்சா செத்த பெணமும் எழும்பும்" என்றார். அண்ணே, போன கர்க்கடகத்தில் கடல் கயறி ஊருக்குள் வந்து அவர்கள் வீட்டுச் சுவர் போனபோது நான் பொழியூர் வரைக்கும் போய், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அவர்களைப் பார்த்து, பிரெட் கொடுத்துவிட்டு வந்தவன். அந்த ஈரக் கண்ணோடு அவர் மனைவி எனக்குக் கட்டன் சாயா போட்டுத் தந்தாள். அவள் கையால் வைத்த சாற்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லியிருக்க வேண்டும். இப்போது நூறு விதமாகச் சொல்லத் தெரிகிறது. "வச்சிட்டுப் போங்க ஜோக்கிம், பின்ன குடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். நான் உண்டாக்கிய முறை என் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

செவ்வாய் மத்தியானம் ரத்தம் போனது. உடனே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன், பிரேமகுமாரிக்கும் இது தெரியாது. அவர் பேச்சை மீறிவிட்டோமே, வயிற்றில் பிரெட்டும் பிஸ்கட்டும் மீனும் இருப்பதை அவர் பார்த்துவிடுவாரே என்று எனக்கு வெட்கம். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது மாதிரி, எல்லாம் கழிந்து வயிறு சுத்தமான பிறகு கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருந்துவிட்டேன். படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வேறொருவன் செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

புதன்கிழமை பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, டாக்டரின் அறையும் பூட்டிக்கிடந்தது. அவர் வீடு களியக்காவிளையில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எங்கள் பக்கம் கடையடைப்பு என்றால் அந்தப் பக்கம் எல்லாம் திறந்திருக்கும் என்பது தாங்களும் அறிந்ததே. கைசரைத் தோர்த்தில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்தேன். வழியில் கல் வைத்து ரோட்டை மறித்துக்கொண்டிருந்த இளவட்டங்கள், "எங்க போறீரு?" என்று அதட்டினார்கள். தோர்த்தை விலக்கிக் காட்டினேன். அவர்களே கல்லை எடுத்து வழிவிட்டார்கள். அதில் ஒருவன், "பாவம், பட்டினியாக்கும், இது குடுங்க" என்று தான் தின்றுகொண்டிருந்த பன்னில் பாதியை நீட்டினான். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கைசர் தலையைத் தூக்காத அந்த நேரத்திலும் என் வாயில் வேண்டாம் என்ற சொல் வரவில்லை. அந்தப் பாதிப் பன்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எல்லையைத் தாண்டினேன்.

டாக்டர் தன் வீட்டு வராந்தா மேசையிலேயே போட்டுத் தோலுக்கடியில் மருந்து வெள்ளம் ஏற்றினார். "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "நீங்க சொன்ன வெள்ளம் மட்டுந்தான் டாக்டரே" என்றேன். அந்த நிமிஷம் கைசர் கடைசியாக ஒரு தடவை ஓங்கரித்தது. தோர்த்தில் விழுந்ததை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கைசரின் வாயைத் துடைத்துவிட்டார். மழை விடுவதற்குள் அது போய்விட்டது. "நேத்தே கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "இன்னொண்ணு உண்டில்லியா? இது ஒட்டுகிற தீனம். தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. அதுக்கும் வந்தா ஒரு நிமிசம் தாமசிக்காண்டாம்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் ஜூலி வாந்தி எடுத்தது. நான் டாக்டர் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. அவர் மருந்து வெள்ளம் ஏற்றி, ஊசி போட்டு, அதே விதிகளை மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை நான் முழுவதையும் உள்ளது உள்ளபடி அவரிடம் சொல்லிவிட்டேன், பிரெட், பிஸ்கட், சாளைச் சாறு, பலாக்கிளை எல்லாம். அவர் கேட்டுவிட்டு, "அப்பிடின்னா ஜூலிக்கு மருந்து நான் தாறேன். கேட்டுக்குப் பூட்டு நீரு போடும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளில் இருந்த சங்கிலியைக் கழற்றிக் கேட்டில் போட்டேன். ராஜையா வந்து, "ஓய், நானாக்கும்" என்றார். "நீராயிருந்தாலும் போவும்" என்றேன். பகை மறுபடியும் தொடங்கிவிட்டது. லீலாபாய் போகிற வழியில் நின்று, "இவருக்குப் பைத்தியம்" என்று ஊர் கேட்கச் சொன்னாள். நான் ஜூலியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனும் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்பூன் உள்ளே போகும், அது நிற்குமா என்று அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஸ்மிதா பிறந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை, அன்றைக்கு எனக்குத் தபால் டூட்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்தீர்கள். குட்டிகளுக்குச் சுகமில்லை என்று ஸ்மிதா பூத்திலிருந்து போன் செய்து தெரிந்துகொண்டதால், முறைப்படி விசாரிக்க வந்தீர்கள். கேட்டுக்கு வெளியே நின்று, "பொன்னப்பண்ணே, ரெண்டும் எப்பிடி இருக்கு?" என்று தாங்கள் கேட்டபோது, ஒன்று ஏற்கெனவே பலாமரத்துக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்மிதாவிடமும் சொல்லவில்லை. "அண்ணே, இப்ப உள்ள வராண்டாம்" என்று மட்டும் சொன்னேன். தாங்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தீர்கள். சம்பந்தி அம்மாள், "ஒரு வாய் குடுத்துட்டுப் போயிருதோம், பாவமில்லியா" என்று, தானே பொதியைப் பிரித்து, ஒரு துண்டு பிரெட்டைக் கேட்டுக் கம்பிக்கிடையில் நீட்டினார்கள். என் மடியிலிருந்து இறங்கிய ஜூலி, காலையிலிருந்து முதல் தடவையாக எழுந்து நின்ற ஜூலி, வாலை ஆட்டிக்கொண்டு அந்தக் கையை நோக்கி நடந்தது. எனக்குக் கைசர் வாலாட்டியது கண்ணில் வந்துவிட்டது அண்ணே. ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடுங்கி, பொதியையும் பிடுங்கி, ஹார்லிக்ஸ் குப்பியையும் சேர்த்து, எல்லாவற்றையும் ரோட்டுப்பக்கம் எறிந்து, "குடுத்தா கொன்னுபோடுவேன்" என்று கத்தினேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன், சம்பந்தி அம்மாளைப் பார்த்து, ரோட்டில் நாலு பேர் நிற்க. இதோ, எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து பிரேமகுமாரி, "சம்பந்திமாராக்கும் மனுசா, தொறங்க, தொறங்க" என்று அழுதாள். நான் திறக்கவில்லை. தாங்கள் குடையை விரித்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தீர்கள். தங்கள் வேட்டியில் ரோட்டுச் சேறு தெறித்திருந்தது, அது நான் எறிந்த பிரெட் ரோட்டோரச் சாக்கடைச் சாலில் விழுந்ததால் தெறித்ததுதான். ஹார்லிக்ஸ் குப்பி உடையவில்லை. ராஜையா எடுத்து வைத்திருக்கிறாராம். பகை இருப்பதால் கேட்க முடியவில்லை.

நேற்று ஸ்மிதா மறுபடி போன் செய்தாள். "அப்பா, மாமா உங்க பேச்சே எடுக்கல்ல. மாமி என்கிட்ட எப்பவும்போல நல்லாத்தான் பேசுதாங்க, அதனாலதான் எனக்கு அழுகை வருது" என்றாள். அண்ணே, தயவுசெய்து அவள்மேல் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு மரியாதை நன்றாகத் தெரியும், அது அவள் அம்மை வழி. என் வழியில் வந்தது தலைமுடி மட்டும்தான்.

எனக்கு வருத்தங்கள் பல. சம்பந்தி அம்மாளிடம் கத்தியது வருத்தம். தங்களை மழையில் திருப்பி அனுப்பியது வருத்தம். அன்னத்தைச் சாலில் எறிந்தது வருத்தம். ஆனால் அதையெல்லாம்விட என் நெஞ்சில் கிடந்து அறுப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை தங்களிடம் சொன்ன அந்த வேண்டாம் என்ற சொல்லை, திங்கட்கிழமை ராஜையாவிடம் மெதுவாக, சிரித்துக்கொண்டே, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், கைசர் ஒருவேளை இன்றைக்கு என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் நல்லவனாக இருந்தேன், அந்தச் சிறிய ஜீவனைத் தவிர. தங்கள் வீட்டில் பிறந்த குட்டியை என் மரியாதைக்குத் தின்னக் கொடுத்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மனதில் வைக்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்களும் சம்பந்தி அம்மாளும் அனூஜும் ஸ்மிதாவும் கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். கேட் விரியத் திறந்திருக்கும். நானே பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்பேன். மரச்சீனிக் கிழங்கும், ஜோக்கிம் கொண்டுவரும் நெய்மீன் கறியும், பாயசமும் பிரேமகுமாரி ஏற்பாடு செய்துவிட்டாள். தாங்கள் எது கொண்டுவந்தாலும் தங்கள் கண் முன்னாலேயே பிரித்து, நானே தின்று காட்டுகிறேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். சம்பந்தி அம்மாளின் காலடியில் என் வணக்கத்தைத் தாங்கள் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் உள்ள தாய் நாயையும் நான் கேட்டதாகச் சொல்லவும். அதனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் தலையைத் தடவிக்கொடுத்தால் போதும்.

என்றும் தங்கள் முகம் பார்க்கக் கூசும்,
பொன்னப்பன்

பி.கு.: கடிதத்தை மடித்து ஒட்டும் நேரத்தில் மோகனன் டாக்டர் தன் மோட்டார் சைக்கிளில் வந்து ஜூலியைப் பார்த்தார். கஞ்சித் தெளிவு வயிற்றில் நிற்கிறது, இன்று என் வேட்டி நுனியைக் கடித்து இழுத்தது, வாந்தி நின்றுவிட்டது. ஆனால் இன்னும் கொஞ்ச நாளைக்கு வெளியாள் ஒருவரும் வரக்கூடாது என்கிறார். ஜூலிக்காக மட்டும் இல்லை. இந்தத் தீனம் செருப்பிலும் வேட்டியிலும் ஒட்டிக்கொண்டு போகுமாம். தங்கள் வீட்டில் மற்றக் குட்டிகள் இருக்கின்றன என்று சொன்னேன், முகம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உடுத்தியிருந்த துணியைக் கொதிக்கும் வெள்ளத்தில் போட்டுத் துவைக்கச் சொன்னார். செருப்பையும் வாசலையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டுமாம். குட்டிகளில் ஏதாவது ஒன்று வாந்தி எடுத்தால் யாரிடமும் சொல்லாமல் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். விசாரிக்க வருகிறவர்களை நான் சொன்னேன் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள், கெட்ட பேர் எனக்கு இருக்கட்டும். ஆகையால் அண்ணே, மேலே அழைத்தது அழைத்ததாகவே இருக்கட்டும், தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் கேட் பூட்டியிருக்கும். நான் உள்ளேதான் இருப்பேன், தாங்கள் கூப்பிடுவது எனக்கு நன்றாகக் கேட்கும், திறக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்குக் கேட்ட மன்னிப்பை வருகிற ஞாயிற்றுக்கும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.